ஆங்கிலத்தில் பேசும் திறனுக்கு அளவுகோல் எது?



ஆலயப் பணியோடு கல்விப் பணியையும் சேர்த்துச் செய்வது நம் முன்னோர் வகுத்த நல்வழி. நமது அறநிலையமும் ஆண்டுதோறும் பிரத்தியேக வகுப்புகளுக்கும் கல்வி உதவிக்கும் ஒரு தொகையை ஒதுக்கி வருகிறது. அந்தத் தொகை உங்களுடைய காணிக்கை. அது எந்த வகையில் செலவானால் பிள்ளைகளுக்கு மெய்யான பயன் கிட்டும் என்று அறிந்துகொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு.

இடைநிலைப்பள்ளியில் பல்லாண்டுகள் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால், பாச்சாங் வட்டாரத்துப் பெற்றோர் பலர் என்னிடம் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கின்றனர். “எஸ்.பி.எம். தேர்வில் ஆங்கிலத்தில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளை, வேலைக்கான நேர்முகத் தேர்வில் ஏன் வாயடைத்து நிற்கிறது?” என்பதே அக்கேள்வி. இதற்கு விடை காண வேண்டுமானால், பள்ளிகளில் ஆங்கிலப் பேச்சுத் திறன் எப்படி அளக்கப்பட்டது, இன்று எப்படி அளக்கப்படுகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

பல மொழி வழங்கிய ஊர்

பல மொழி பேசுவது மலாக்காவுக்குப் புதிதன்று. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு வாழ்ந்த போர்த்துகீசியர் தோமே பிரெஸ், இத்துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்பட்டதாகக் குறித்து வைத்தார். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லாவின் முன்னோரில் தமிழரும் உண்டு. அவர் சிறு வயதில் தமிழ் கற்றார். பின்னர் கிறிஸ்துவப் பாதிரிமாரிடம் ஆங்கிலம் பயின்றார். ஆங்கிலேயருக்கே மலாய் மொழி கற்பித்தார். மலாக்கா உயர்நிலைப் பள்ளியின் வரலாறு 1826ஆம் ஆண்டு வரை பின்னோக்கிச் செல்கிறது.

ஆயினும் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பு எளிதில் கிட்டவில்லை. ஆங்கிலப் பள்ளி பட்டணத்தில் இருந்தது. பிள்ளை இருந்ததோ பால்மரக்காட்டு லயத்தில். 1970ஆம் ஆண்டு முதல் ஆங்கிலவழிப் பள்ளிகள் படிப்படியாகத் தேசிய மொழிவழிப் பள்ளிகளாக மாறின. அதன்பின் பட்டணத்துப் பிள்ளைக்கும் ஆங்கிலம் ஒரு பாடமாகவே ஆயிற்று. பாட நேரத்துக்கு வெளியே அம்மொழியைக் கேட்கவும் பேசவும் வீட்டில் வாய்ப்புள்ளவர் முந்தினர், வாய்ப்பில்லாதவர் பின்தங்கினர்.

எழுத்தை மட்டும் அளந்த காலம்

2020ஆம் ஆண்டு வரையிலான எஸ்.பி.எம். ஆங்கிலத் தேர்வில் இரு தாள்கள் இருந்தன. கட்டுரை, கடிதம், கருத்துணர்தல், சுருக்கி வரைதல், இலக்கியம் என அனைத்தும் எழுத்தே. பள்ளி அளவிலான வாய்மொழிச் சோதனை ஒன்று இருந்தது உண்மைதான். அதனைப் பள்ளி ஆசிரியரே நடத்திப் புள்ளி வழங்கினார். அதன் முடிவு சான்றிதழில் தனி வரியாக இடம்பெற்றதே தவிர, ஆங்கிலப் பாடத்தின் தேர்ச்சித் தரத்தில் சேரவில்லை.

இதன் விளைவை நான் வகுப்பறையில் கண்கூடாகக் கண்டவன். மதிப்பெண் இல்லாத இடத்தில் மாணவனின் கவனம் நிற்பதில்லை. ஆசிரியரின் நேரமும் செல்வதில்லை. வாய்மொழிச் சோதனைக்கென்று ஒரு பத்தியை எழுதி, மனப்பாடம் செய்து, ஒப்புவித்துவிட்டு அமர்வது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலோர்க்கு நல்ல புள்ளியே கிடைத்தது. எல்லார்க்கும் நல்ல புள்ளி என்றால், யாருக்கு உதவி தேவை என்பது தெரியாமல் போகும். அளவுகோல் தளர்ந்தால் முதலில் பாதிக்கப்படுவது நலிந்த பிள்ளையே.

ஆறு படிகள்

மலேசியக் கல்விப் பெருந்திட்டம் 2013 முதல் 2025 வரையிலான காலத்துக்கு வகுக்கப்பட்டது. அதனையொட்டி, கேம்பிரிட்ஜ் நிறுவனத்தின் துணையோடு 2013இல் மாணவர், ஆசிரியர் ஆகிய இருசாராரின் ஆங்கிலத் திறனும் ஆராயப்பட்டது. பின்னர் 2015 முதல் 2025 வரையிலான ஆங்கிலமொழிக் கல்விச் சீர்திருத்தத் திட்டம் வெளிவந்தது. அத்திட்டம் தேர்ந்தெடுத்த அளவுகோல்தான் சி.இ.எப்.ஆர். எனப்படும் ஐரோப்பியப் பொது மொழித்தரச் சட்டகம். இதனை ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்டது. புதிய பாடத்திட்டம் 2017இல் ஆண்டு ஒன்றிலும் படிவம் ஒன்றிலும் தொடங்கியது.

இச்சட்டகத்தில் ஆறு படிகள் உள்ளன. கோயில் கோபுரத்து நிலைகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக எண்ணிக்கொள்ளலாம். ஏ1 என்பது தன் பெயர், ஊர், குடும்பம் ஆகியவற்றைச் சொல்லவும், எதிரில் இருப்பவர் மெதுவாகப் பேசினால் விடையளிக்கவும் வல்ல நிலை. ஏ2 என்பது கடை, பள்ளி, பயணம் போன்ற அன்றாடச் செய்திகளைச் சிறு வாக்கியங்களில் பரிமாறிக்கொள்ளும் நிலை. பி1இல் நடந்ததை வரிசையாக எடுத்துரைக்கவும், தன் கருத்தைச் சொல்லி அதற்குக் காரணம் காட்டவும் இயலும். பி2இல் தயக்கமின்றி உரையாடவும், ஒரு பொருளின் நன்மை தீமைகளை எடுத்து வாதிடவும் இயலும். சி1, சி2 ஆகியவை உயர்கல்விக்கும் தொழில்துறைக்கும் வேண்டிய முதிர்ந்த நிலைகள்.

நம் நாட்டின் திட்டம் ஆரம்பப்பள்ளி முடிவில் ஏ2 நிலையையும், இடைநிலைப்பள்ளி முடிவில் பி1 அல்லது பி2 நிலையையும் இலக்காக வைத்தது. ஆங்கில ஆசிரியர் சி1 நிலையில் இருத்தல் வேண்டும் என்றும் வகுத்தது.

இந்த அளவுகோலின் சிறப்பு ஒன்றைக் கூறியாக வேண்டும். இது “இத்தனை பிழை, இத்தனை புள்ளி குறைவு” என்று கணக்கிடுவதில்லை. “இந்தப் பிள்ளையால் இன்னது செய்ய முடியும்” என்று கூறுகிறது. குறையை எண்ணுவதைவிட இயன்றதைச் சொல்வது, பெற்றோருக்கும் எளிதில் விளங்கும். பிள்ளைக்கும் ஊக்கம் தரும்.

பதின்மூன்று நிமிடங்கள்

2021ஆம் ஆண்டுக்கான எஸ்.பி.எம். தேர்வு முதல் ஆங்கிலப் பாடம் நான்கு தாள்களாயிற்று. வாசிப்பு, எழுத்து, பேச்சு, கேட்டல் என்னும் நான்குக்கும் சமபங்காக நூற்றுக்கு 25 விழுக்காடு. பேச்சுத் தேர்வாகிய மூன்றாம் தாளுக்கு 24 புள்ளிகள். இரண்டு மாணவர் இணையாக அமர்ந்து ஏறக்குறைய 13 நிமிடங்கள் பேச வேண்டும். ஆசிரியர் ஒருவர் வினவுவார். மற்றொருவர் பேசாமல் கேட்டுப் புள்ளியிடுவார்.

தேர்வு மூன்று பகுதிகளைக் கொண்டது. முதற்பகுதியில் தன்னைப் பற்றியும் தனக்குப் பழகிய செய்திகளைப் பற்றியும் கேட்கப்படும் வினாக்களுக்கு விடை கூற வேண்டும். இரண்டாம் பகுதியில் கொடுக்கப்பட்ட தலைப்பில் சிறிது நேரம் சிந்தித்து, தனியாகத் தொடர்ந்து பேச வேண்டும். மூன்றாம் பகுதியில் இரு மாணவரும் ஒரு பொருளைப் பற்றித் தமக்குள் கலந்துரையாடி ஒரு முடிவுக்கு வர வேண்டும். சொல்வளம், இலக்கணம், பிறரோடு கலந்து பேசும் ஆற்றல் முதலியவை கவனிக்கப்படும்.

மூன்றாம் பகுதியில்தான் மனப்பாடம் கைகொடுக்காது. எதிரில் இருப்பவர் என்ன சொல்வார் என்பது முன்கூட்டித் தெரியாது. கேட்க வேண்டும், ஒப்பவோ மறுக்கவோ வேண்டும், தோழன் தடுமாறினால் ஒரு கேள்வி கேட்டு அவனைப் பேச்சுக்குள் கொண்டுவர வேண்டும்.

நான் பார்த்த ஓர் இணையை இங்கே குறிப்பிடுகிறேன். ஒரு மாணவி கட்டுரையில் வகுப்பிலேயே முதலிடம். இன்னொரு மாணவி செம்பனைத் தோட்டத்திலிருந்து பேருந்தில் வருபவள். காலத்தையும் எண்ணையும் மாற்றி மாற்றிப் பேசுபவள். பள்ளி ஆண்டு விழாவுக்கு எந்த நிகழ்ச்சியைச் சேர்க்கலாம் என்பது தலைப்பு. முதல் மாணவி தான் ஆயத்தம் செய்திருந்த வாக்கியங்களைப் பிழையின்றிச் சொல்லி முடித்து அமைதியானாள். இரண்டாமவளோ, “நீ சொல்லும் நாடகத்துக்கு நேரம் அதிகம் ஆகுமே, சிறு பிள்ளைகளுக்கு என்ன செய்வது?” என்ற பொருளில் பிழையான ஆங்கிலத்தில் கேட்டாள். முதல் மாணவிக்கு விடை வரவில்லை. இலக்கணத்தில் முதல் மாணவி மேல். உரையாடலில் இரண்டாமவள் மேல். இருவருக்கும் வெவ்வேறு உதவி தேவை என்பதை அந்தச் சில நிமிடங்கள் காட்டின. வெறும் எழுத்துத் தேர்வு இதைக் காட்டியிருக்காது.

உச்சரிப்பைப் பற்றிய அச்சம்

“எங்கள் பிள்ளைக்கு வெள்ளைக்காரர் உச்சரிப்பு வராதே” என்று வருந்தும் பெற்றோர் உண்டு. அந்த அச்சம் வேண்டியதில்லை. ஐரோப்பிய மன்றம் 2020இல் பதிப்பித்த துணைத் தொகுதியில் உச்சரிப்பு அளவுகோலைத் திருத்தி அமைத்தது. ஆங்கிலேயரைப் போல ஒலிப்பது குறிக்கோள் அன்று. கேட்பவருக்குத் தெளிவாக விளங்குவதே குறிக்கோள் என்பது அதன் சாரம். தமிழ்ச் சாயலோ மலாய்ச் சாயலோ இருப்பது குற்றமாகாது. ஒரு சொல்லை வேறு சொல்லாக எண்ணவைக்கும் ஒலிப்பையே திருத்த வேண்டும்.

பேச்சின் இறுதியில் ‘லா’ சேர்த்துப் பேசுவது நம் நாட்டு வழக்கம். நண்பரிடம் அது பொருந்தும். நேர்முகத் தேர்வில் பொருந்தாது. வீட்டு உடை, கோயில் உடை என்று நாம் வேறுபடுத்தி உடுத்துவதைப் போன்றதே இதுவும். எங்கே எது பொருந்தும் என்று அறிவதும் மொழித்திறனின் ஒரு பகுதியே.

அளப்பவர்க்கும் அளவு வேண்டும்

ஒரு பிள்ளையின் பேச்சைக் கேட்டு ஓர் ஆசிரியர் பி1 என்றும், மற்றோர் ஆசிரியர் ஏ2 என்றும் கூறினால் அளவுகோலால் என்ன பயன்? ஆகவேதான் தரம் நிர்ணயிப்பது என்பது பட்டியல் அச்சிடுவதோடு முடிவதில்லை. மதிப்பிடுவோர் ஒரே பேச்சுப் பதிவைக் கேட்டு, தனித்தனியே புள்ளியிட்டு, பிறகு கூடிப் பேசி, ஏன் வேறுபட்டோம் என்று ஆராய்ந்து பழக வேண்டும். இப்பழக்கம் இல்லாவிட்டால், அமைதியான பிள்ளைக்குக் குறைவும் துடுக்கான பிள்ளைக்கு அதிகமும் என்று புள்ளி தடம் மாறும்.

பேச்சுத் தேர்வை நிலைநிறுத்துவது பிற நாடுகளிலும் எளிதாக இருக்கவில்லை. இந்தியாவில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2012-13 கல்வியாண்டில் பேச்சு, கேட்டல் மதிப்பீட்டை அறிமுகப்படுத்தியது. அது நெடுங்காலம் நிலைக்கவில்லை. ஆயிரக்கணக்கான பிள்ளைகளை இருவர் இருவராக அமர்த்திக் கேட்பதற்கு நேரமும் பயிற்சி பெற்ற ஆளும் தேவை.

நம் நாட்டிலும் 2003இல் கணிதம், அறிவியல் பாடங்களை ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் தமிழ்ப்பள்ளிகள் உட்பட எல்லாப் பள்ளிகளிலும் தொடங்கப்பட்டது. அதனைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டது. அத்திட்டத்தைப் பற்றி இருவகைக் கருத்துகள் உண்டு. நான் அதிலிருந்து பெறும் பாடம் ஒன்றே. பாட நூலின் மொழியை மாற்றுவது வேறு. பிள்ளையின் பேச்சை வளர்த்து அளப்பது வேறு. முன்னது நடந்தால் பின்னது தானாக நடந்துவிடாது.

நம் பிள்ளைகளின் நிலை

தமிழ்ப்பள்ளியிலிருந்து படிவம் ஒன்றுக்குச் செல்லும் பிள்ளைக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், பாடமாக ஆங்கிலம். மலாய் மொழியில் வேண்டிய தேர்ச்சி பெறாதவர் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாகப் பயின்ற காலத்தைப் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். புதிய பள்ளியில், புதிய முகங்களிடையே, தவறாகப் பேசினால் சிரிப்பார்களோ என்ற கூச்சத்தில் பிள்ளை வாய் மூடிக்கொள்கிறது. அந்த மௌனம் படிவம் ஐந்து வரை தொடர்கிறது.

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இலும் பி.தி.3 தேர்வு 2022இலும் நீக்கப்பட்டன. அதனால் ஆசிரியர் வழங்கும் வகுப்பறை மதிப்பீட்டைப் பெற்றோர் கூர்ந்து பார்க்க வேண்டிய தேவை கூடியுள்ளது. அதில் பேச்சுத் திறனுக்குத் தனியாக அடைவுநிலை குறிக்கப்படுகிறது. மொத்தத் தரத்தை மட்டும் பார்த்துவிட்டு அட்டையில் கையொப்பமிடுவது போதாது.

எஸ்.பி.எம். சான்றிதழ் பெற மலாய் மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி கட்டாயம். ஆங்கிலத் தேர்வு எழுதுவது கட்டாயம், தேர்ச்சி கட்டாயமன்று. எனவே “ஆங்கிலம் போனால் போகட்டும்” என்ற எண்ணம் சில இல்லங்களில் உண்டு. அதன் விலை பின்னர் தெரியும். பொதுப் பல்கலைக்கழகப் பட்டப்படிப்புக்கு வேண்டிய முயெட் தேர்விலும் பேச்சுப் பகுதி உண்டு. 2021 முதல் அதுவும் இதே சி.இ.எப்.ஆர். அளவுகோலோடு இணைக்கப்பட்டுள்ளது. மலாக்கா மாநகர் 2008இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைத் தலமாயிற்று. தங்கும் விடுதி, சுற்றுலா, மருத்துவமனை, பத்து பெரண்டாம் வட்டாரத் தொழிற்சாலை அலுவலகம் என நம் வாசலுக்கு அருகில் உள்ள வேலைகளில், வந்தவரோடு பேசத் தெரிந்தவருக்கே முதலிடம். நம் பிள்ளைகள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். வாய் திறக்கும் பழக்கம் இல்லாமையால் அறிவு வெளிப்படுவதில்லை.

தமிழுக்குக் கேடாகுமா?

ஆலய மலரில் ஆங்கிலத்தைப் பற்றி எழுதலாமா என்று சிலர் எண்ணக்கூடும். ஒரு செய்தியைச் சொல்ல விரும்புகிறேன். சி.இ.எப்.ஆர். என்பது ஆங்கிலத்துக்கென்று மட்டும் ஆக்கப்பட்ட அளவுகோல் அன்று. பல மொழிகளுக்கும் பொதுவாக வகுக்கப்பட்டது. தமிழில் ஒரு நிகழ்ச்சியை வரிசையாகச் சொல்லத் தெரிந்த பிள்ளை, காரணம் காட்டி வாதிடத் தெரிந்த பிள்ளை, அதே திறனை ஆங்கிலத்துக்கும் எடுத்துச் செல்கிறது. ஆலய மேடையில் சமய உரை ஆற்றியும் பட்டிமன்றத்தில் பேசியும் பழகிய பிள்ளைகள், பேச்சுத் தேர்வில் அவை நடுக்கம் இன்றி அமர்வதை நான் கண்டிருக்கிறேன். தாய்மொழியில் ஊமையாக வளர்க்கப்பட்ட பிள்ளைக்கு இரண்டாம், மூன்றாம் மொழியில் நா எழுவது கடினம். ஆகவே தமிழை விட்டுக்கொடுத்து ஆங்கிலம் வாங்க வேண்டியதில்லை.

அறநிலையம் செய்யத்தக்கவை

இதுவரை நாம் நடத்திய பிரத்தியேக வகுப்புகள் பெரும்பாலும் எழுத்துத் தேர்வை நோக்கியவை. பயிற்சித் தாள், முன்னைய ஆண்டு வினாக்கள், விடை திருத்தம் என்று செல்பவை. அவை வேண்டியவையே. ஆயினும் ஆங்கிலப் பாடத்தின் கால்பங்கு பேச்சுக்கு உரியதாகிவிட்டது. கேட்டலையும் சேர்த்தால் பாதி. நம் செலவிலும் அந்த மாற்றம் தெரிய வேண்டாமா?

நான் முன்வைக்கும் ஆலோசனைகள் நான்கு.

முதலாவதாக, சனிக்கிழமைதோறும் ஆலய மண்டபத்தில் படிவம் ஒன்று முதலான மாணவர்க்கு ஒன்றரை மணி நேரப் பேச்சுப் பயிற்சி நடத்தலாம். இருவர் இருவராக அமர்ந்து பேசினால், 20 பிள்ளைகள் இருந்தாலும் ஒரே நேரத்தில் பத்துப் பேர் பேசிக்கொண்டிருப்பர். ஆசிரியர் முன்னே நின்று வினவும் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிடங்கூடக் கிட்டாது.

இரண்டாவதாக, ஓய்வு பெற்ற ஆசிரியர், தாதியர், அலுவலக எழுத்தர், விடுதிப் பணியாளர் ஆகியோர் நம் அன்பர்களில் பலர் உளர். மாதத்தில் ஒரு சனிக்கிழமை வந்து பிள்ளைகளோடு ஆங்கிலத்தில் பேசுவதும் திருத்தொண்டே.

மூன்றாவதாக, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சிறு அட்டை வேண்டும். “என் குடும்பத்தைப் பற்றிச் சொல்வேன்”, “வழி கேட்டு அறிவேன்”, “என் கருத்துக்குக் காரணம் சொல்வேன்” என்பன போன்ற வரிகள் அதில் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை இருவர் கேட்டு, இயன்றதற்கு எதிரே குறியிடட்டும். பிள்ளையின் பேச்சைக் கைபேசியில் பதிந்து வைத்து, அடுத்த முறை அதனையே அப்பிள்ளைக்குக் கேட்கச் செய்தால், வளர்ச்சியைத் தானே உணரும்.

நான்காவதாக, பரிசளிப்பு விழாவில் அதிக ‘ஏ’ பெற்றவர்க்குப் பரிசு தருகிறோம். அதனோடு, ஏ1இலிருந்து ஏ2க்கும், ஏ2இலிருந்து பி1க்கும் ஏறிய பிள்ளைக்கும் ஒரு பரிசு தருவோம். உயரத்தில் பிறந்தவனைப் போற்றுவதோடு, படியேறி வந்தவனையும் போற்றுவது அறத்துக்கு ஏற்றது.

இவற்றுக்குப் புதிய கட்டடம் வேண்டியதில்லை. நாற்காலிகள், ஒரு வெண்பலகை, வந்து செல்லப் பிள்ளைகளுக்குப் பேருந்துச் செலவு, ஒரு கோப்பைத் தேநீர் ஆகியவையே தேவை. தோட்டப்புறத்திலிருந்து வரும் பிள்ளைக்குப் போக்குவரத்துதான் முதல் தடை. அதை ஏற்றுக்கொள்ளும் கொடையாளர், ஒரு பிள்ளையின் மௌனத்தை நீக்கியவர் ஆவார்.

நாட்டின் பத்தாண்டுச் சீர்திருத்தத் திட்டத்தின் காலம் 2025இல் முடிந்தது. அளவுகோலை அரசு வகுத்துத் தந்துவிட்டது. அந்த அளவுகோலின் எந்தப் படியில் நம் பிள்ளைகள் நிற்கப் போகிறார்கள் என்பது பள்ளியும் வீடும் ஆலயமும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டிய காரியம். இப்பணிக்கு உங்கள் நேரத்தையும் பொருளையும் வழங்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். எல்லாம் வல்ல விநாயகப் பெருமான் நம் பிள்ளைகளின் நாவில் தெளிவையும் நெஞ்சில் துணிவையும் அருள்வாராக.